கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லாமே ‘ஆர்’: ஐசியூ கிருமியை எங்கே நிறுத்த முடியும்?

தில்லித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு காகிதத்தின் படம் சுற்றும். ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ குடியிருக்கும் குடும்பத்தில் ஒரு பெரியவர் ஐசியூவில் இருப்பார். அவருடைய ரத்தத்தையோ சளியையோ வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்திருக்கும். மகனோ மகளோ அதைப் படம் பிடித்துச் சென்னையில் டாக்டராக இருக்கும் உறவினருக்கு அனுப்பி, “மாமா, எல்லா மருந்துக்கும் நேரே ஆர்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?” என்று கேட்பார்கள்.

அந்தத் தாளில் ஒரு பக்கம் மருந்துகளின் பெயர்கள் இருக்கும், மறுபக்கம் ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். ‘ஆர்’ என்றால் சாகாது. வரிசையாக ‘ஆர்’ விழுந்து, கடைசியில் கொலிஸ்டின் போன்ற ஒன்றிரண்டு மருந்துகள் மட்டும் மிஞ்சும். கொலிஸ்டின் 1940களின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒருகாலத்தில் ஒதுக்கி வைத்ததை, வேறு வழியில்லாமல் திரும்பவும் எடுத்து வந்திருக்கிறோம்.

ரிப்போர்ட் கைக்கு வரும்போது கிருமி உடம்புக்குள் நுழைந்து சில நாட்கள் கடந்திருக்கும். அதன் பிறகு குடும்பத்தின் கவலையெல்லாம் இதைவிடப் பவரான மருந்து கிடைக்குமா என்பதில்தான் இருக்கும், அது இயல்பு. ஆனால் மருத்துவமனைகளும் அரசும் அதே கேள்வியில் நின்றுவிடக் கூடாது. அந்தக் கிருமி நோயாளியை எட்டாமல் தடுத்திருக்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலான நேரங்களில் முடியும் என்பதே பதில். அந்தத் தடுப்பு வேலையில் மிகப் பெரிய பங்கு, கட்டிலருகே நிற்கும் நர்ஸுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

இந்த விஷயத்தில் தில்லிக்கு அது விரும்பாத ஓர் இடம் உண்டு. 2007 இறுதியில் தில்லியில் மருத்துவமனைச் சிகிச்சை பெற்ற இந்திய வம்சாவளி நோயாளி ஒருவர் ஸ்வீடன் திரும்பினார். 2008 ஜனவரியில் அங்கே அவருடைய சிறுநீரில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமி கிடைத்தது. மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் பலிக்காதபோது கொடுக்கும் மெரோபெனம், இமிபெனம் முதலிய கார்பாபெனம் மருந்துகளைச் சிதைக்கும் புதிய நொதி ஒன்று அதில் இருந்தது. அதற்கு என்டிஎம்-1 என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு எழுத்துகளும் புது தில்லியைக் குறிப்பவை. 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, இந்த நொதி கொண்ட கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் இருப்பதைக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். நகரத்தின் பெயரை ஒரு கிருமிக்கு வைத்ததில் தில்லிக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரைப் பற்றிய சண்டை பெரிதாகி, கிருமியைப் பற்றிய பேச்சு சில ஆண்டுகள் பின்னுக்குப் போனது பெரிய இழப்பு.

இந்த நொதிக்கான மரபணு, கிருமியின் முக்கியக் குரோமோசோமை விட்டுத் தனியாக, பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுச் சமையல் குறிப்பு தெரு முழுக்கக் கைமாறுவது போல, கிளெப்சியெல்லாவிடமிருந்து ஈ கோலைக்கும் அதிலிருந்து இன்னொன்றுக்கும் அது போய்விடும். 2011இல் வந்த இன்னோர் ஆய்வு தில்லியின் தெருக்களில் தேங்கிய, கசிந்த நீரின் 171 மாதிரிகளைச் சோதித்தது. 51இல் இந்த மரபணு இருந்தது. பொதுக் குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2இல் இருந்தது. ஆக, ஐசியூ கதவைச் சாத்திவிட்டால் தீர்ந்துவிடும் பிரச்சினை அல்ல இது. வெளியிலிருந்து வரும் நோயாளி தன் குடலிலேயே இந்தக் கிருமியைச் சுமந்து வரலாம், அவருக்கே அது தெரியாது.

தில்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து 2016இல் வெளியான பச்சிளம் குழந்தைகள் பற்றிய ஆய்வை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப் போகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் கிடைத்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ கோலை. அசினெட்டோபாக்டர்களில் 82 சதவீதமும் கிளெப்சியெல்லாக்களில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்குப் பணியாதவை. தொற்றுகளில் பெரும்பகுதி பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவை. அந்தக் குழந்தைகள் அதற்குமுன் எந்த ஆன்டிபயாட்டிக்கையும் அளவு மீறிச் சாப்பிட்டவர்கள் அல்லர். கிருமி அவர்களைச் சுற்றியிருந்த இடத்திலிருந்து வந்தது. ‘கண்டபடி மருந்து சாப்பிட்டால் எதிர்ப்பு வரும்’ என்று நோயாளியின் தலையிலேயே பழியைப் போடும் பிரச்சாரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

ஐசியூவில் மட்டும் ஏன் இப்படி? உடம்பின் முதல் காவல் தோலும், இருமலும், சிறுநீர் ஓட்டமும். ஐசியூவில் உயிரைக் காப்பதற்காகவே இந்த மூன்றையும் நாம் தாண்டிப் போகிறோம். கழுத்து வழியாக இதயத்தின் அருகே வரை போகும் சென்ட்ரல் லைன் தோலைத் தாண்டுகிறது. வென்டிலேட்டர் குழாய் இருமலைத் தடுக்கிறது. சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர், சிறுநீர்ப்பைக்கு வெளியிலிருந்து நேர்வழி திறக்கிறது. இந்தக் குழாய்களின் பரப்பில் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு வாழும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் நுழைவதில்லை. போதாக்குறைக்கு, முதல் நாளே தொடங்கும் பலமான ஆன்டிபயாட்டிக் குடலில் இருக்கும் சாதுவான கிருமிகளைக் கொன்றுவிட்டு, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. அசினெட்டோபாக்டருக்குத் தண்ணீர்கூட வேண்டாம். கட்டிலின் பக்கக் கம்பியிலும் மானிட்டர் பொத்தானிலும் காய்ந்த நிலையிலேயே வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அங்கிருந்து அடுத்த கட்டிலுக்கு அது தானாக நடந்து போவதில்லை. யாராவது ஒருவரின் கை அதைக் கொண்டுபோகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2003 முதல் 103 ஐசியூக்களில் ஒரு முயற்சி நடந்தது. சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்தே செயல்கள், எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. கையைச் சுத்தம் செய்வது. மருத்துவர் தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை அணிந்து நோயாளியைக் கிருமி நீக்கிய துணியால் முழுக்க மூடுவது. தோலைக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது. முடிந்தவரை தொடையிடுக்கைத் தவிர்ப்பது. தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடுவது. தொடக்கத்தில் ஆயிரம் லைன் நாட்களுக்குச் சராசரியாக 7.7 ரத்தத் தொற்று இருந்தது. லைன் நாள் என்றால், ஒரு நோயாளிக்கு ஒரு லைன் ஒரு நாள் இருப்பது. ஒன்றரை ஆண்டில் அது 1.4 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை, புது இயந்திரமும் வரவில்லை.

இந்த எண்ணை நம் எண்ணோடு வைத்துப் பாருங்கள். தில்லி எய்ம்ஸின் ஜெய்பிரகாஷ் நாராயண் ட்ராமா சென்டர் ஒருங்கிணைக்கும் தொற்றுக் கண்காணிப்பு வலையமைப்பு, நாடு முழுக்க 54 மருத்துவமனைகளின் 200 ஐசியூக்களில் 2017 முதல் 2024 வரை கணக்கெடுத்தது. ஆயிரம் லைன் நாட்களுக்கு 8.83 ரத்தத் தொற்று. எண்ணும் முறைகளில் வேறுபாடு இருக்கலாம், நோயாளிகளும் வேறு. ஆனாலும் மிச்சிகன் கிளம்பிய இடத்தில்தான் ஏறத்தாழ நாம் நிற்கிறோம். இதை நான் நம்பிக்கை தரும் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கிருந்து இறங்கும் வழி ஏற்கெனவே யாரோ நடந்து காட்டிய வழி.

மிச்சிகன் கதையில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. ஐந்து செயல்களில் ஒன்றை மருத்துவர் தவறவிட்டால், உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குத் தரப்பட்டது. அவசரமில்லாத நேரத்தில் அவர் நிறுத்தச் சொன்னால் மருத்துவர் நிறுத்தத்தான் வேண்டும். தில்லி ஐசியூக்களில் நாகர்கோவிலிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் வந்த இளம் நர்ஸ்கள் நிறைய. ஒப்பந்த வேலை, வாடகை அறை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று வாழும் ஒரு பெண், இரவு இரண்டு மணிக்கு சீனியர் மருத்துவரிடம் “சார், கவுன் போடல” என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் அவருக்குப் பின்னால் நிர்வாகம் நிற்குமா? சுவரில் ஒட்டிய ஐந்து அம்சப் போஸ்டரைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் ஒரு ஐசியூவின் தொற்று எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கை சுத்தத்துக்கும் இது பொருந்தும். ஜெனீவாவில் 1990களின் நடுவில், கட்டிலருகே ஆல்கஹால் கை மருந்தை வைத்து, ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து, அவர்களிடமே விவரத்தைத் திருப்பிச் சொன்னார்கள். கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் உண்மையில் செய்யப்பட்டது 48 சதவீதத்திலிருந்து 66 ஆக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆக இறங்கியது. நூற்றுக்கு நூறு தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1997இல் இரண்டு ஆய்வாளர்கள் நேரத்தைக் கணக்குப் போட்டார்கள். ஒரு ஐசியூவில் ஒரு ஷிஃப்டில் 12 பேர் வேலை செய்கிறார்கள். எல்லோரும் ஒவ்வொரு முறையும் வாஷ்பேசினுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினால், கழுவுவதற்கு மட்டுமே மொத்தம் 16 மணி நேரம் போகும். கட்டிலிலேயே ஆல்கஹால் மருந்து இருந்தால் 3 மணி நேரம். கை கழுவாத நர்ஸை அலட்சியக்காரி என்று திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர் நேரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கையுறையும் இங்கே ஏமாற்றும். போட்டுவிட்டால் சுத்தம் என்ற நினைப்பில், அதே கையுறையோடு மானிட்டர், ஃபைல், அடுத்த கட்டில் என்று தொட்டுக்கொண்டு போவது அன்றாடக் காட்சி.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. பகலில் அது ஓரளவு நடக்கும் இடங்களில்கூட இரவிலும் பண்டிகை விடுமுறைகளிலும் கணக்கு மாறிவிடுகிறது. அவர் ஒருவரே மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தால், முதலில் விடுபடுவது எது? மருந்து விடுபடாது, அது சார்ட்டில் தெரியும். லைனின் வாய்ப்பகுதியை ஊசி செலுத்தும் முன் 15 விநாடி தேய்த்துத் துடைப்பது விடுபடும். பல் துலக்கிவிடுவது விடுபடும். இரண்டு கட்டில்களுக்கு நடுவே கைக்கு மருந்து தடவும் அந்த அரை நிமிடம் விடுபடும். எதுவும் எந்தக் காகிதத்திலும் பதிவாகாது. ஜெனீவாவிலேயே 2007இல் வந்த ஆய்வு, நர்ஸ் எண்ணிக்கையைப் போதுமான அளவில் வைத்திருந்தால் ஐசியூ தொற்றுகளில் கால் பங்குக்கு மேல் தவிர்த்திருக்கலாம் என்று கணித்தது. இரவு ஷிஃப்டில் இன்னும் இரண்டு நர்ஸ்களுக்குச் சம்பளம் கொடுப்பதைச் செலவு என்று எழுதும் நிர்வாகம், ஒரு நோயாளிக்குப் பத்துப் பதினான்கு நாள் ஏறும் விலையுயர்ந்த மருந்துகளின் பில்லை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏனென்றால் அதைக் கட்டுவது குடும்பம்.

நிமோனியாவைத் தடுக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும். மயக்க மருந்தைத் தினமும் குறைத்துப் பார்த்து, வென்டிலேட்டரை எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்று சோதிக்க வேண்டும். வாய்க்குக் குளோர்ஹெக்ஸிடின் போடுவதைவிட பிரஷ்ஷால் பல் துலக்குவதே நல்லது என்று அண்மை ஆண்டுகளின் வழிகாட்டல்கள் மாறியிருக்கின்றன. சிறுநீர்க் கதீட்டரைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: தேவையில்லாமல் போடாதீர்கள், போட்டதை எடுக்க மறக்காதீர்கள்.

வாஷ்பேசின் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் சொந்த மருத்துவமனையில் 2011இல் ஒரே ஒரு நோயாளியிடமிருந்து எதிர்ப்புள்ள கிளெப்சியெல்லா பரவி 18 பேரை எட்டியது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். மரபணு வரிசையை வைத்துத் தடம் பிடித்தபோது, சுத்தம் செய்து முடித்ததாக நினைத்த வென்டிலேட்டரிலும் வாஷ்பேசின் வடிகாலிலும் கிருமி இருந்தது. பணமும் அறிவியலும் குறைவில்லாத இடத்திலேயே இது நடந்தது. தில்லியில் பழைய கட்டடங்களின் ஐசியூக்களில் வாஷ்பேசின், நோயாளியின் தலைமாட்டிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதுண்டு. மீந்த டிரிப்ஸையும் மருந்தையும் அதிலேயே ஊற்றுவார்கள். வடிகாலில் படிந்த கிருமிகளுக்கு அது உணவும் பயிற்சியும். தண்ணீர் வேகமாக விழும்போது தெறிக்கும் துளி ஒரு மீட்டர் வரை போகும். வாஷ்பேசினைத் தள்ளிவைப்பதும், கழிவை வேறிடத்தில் கொட்டுவதும் பெரிய செலவில்லாத வேலைகள்.

நோயாளிகளைத் தினமும் குளோர்ஹெக்ஸிடினால் துடைத்துக் குளிப்பாட்டுவது பற்றி அமெரிக்காவில் 2013இல் பெரிய ஆய்வு வந்தது. மூக்குக்கு ஒரு களிம்பும் சேர்த்து எல்லா ஐசியூ நோயாளிகளுக்கும் செய்தபோது ரத்தத் தொற்று 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே பெரிய எதிரி வேறு வகைக் கிருமி. நம் ஐசியூக்களை ஆளும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் வகைகளிடம் அதே பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. செய்யலாம், ஆனால் நர்ஸ் நேரத்தையும் லைன் பராமரிப்பையும் சரி செய்துவிட்டு.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டிபயாட்டிக்கை அவசரத்தில் உடனே தொடங்குவதில் தவறில்லை. தொற்று முற்றி உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தவறு இரண்டு இடங்களில் நடக்கிறது. கல்ச்சருக்கு ரத்தம் எடுக்காமலேயே தொடங்குவது ஒன்று. ரிப்போர்ட் வந்த பிறகும் சிறிய மருந்துக்கு இறங்காமலும் நிறுத்தாமலும் தொடர்வது இன்னொன்று. நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மருத்துவருக்கும் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு 2024இல் ஒரு நல்ல பதில் வந்தது. 7 நாடுகளின் 74 மருத்துவமனைகளில், ரத்தத்தில் பாக்டீரியத் தொற்று வந்த 3,608 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 7 நாள் மருந்து, மறு பிரிவுக்கு 14 நாள். 90 நாளில் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில தொற்றுகளை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. மற்றபடி, பாதி நாள் மருந்து எந்த வகையிலும் குறைவாக இல்லை.

கோவிட் காலம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் வலையமைப்பில் உள்ள 10 மருத்துவமனைகளில் 17,534 கோவிட் நோயாளிகளைப் பார்த்தபோது, 3.6 சதவீதத்தினருக்கே இரண்டாவதாக பாக்டீரியா அல்லது பூஞ்சைத் தொற்று வந்திருந்தது. ஆனால் அப்படி வந்தவர்களில் 56.7 சதவீதம் பேர் இறந்தார்கள். சிலருக்கு வரும் தொற்றுக்குப் பயந்து ஏறக்குறைய எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் எழுதியதைத் தில்லியில் அந்த ஆண்டுகளைக் கடந்த எவரும் மறந்திருக்க முடியாது.

புதிய மருந்துகள் வருகின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சென்னையின் ஆர்க்கிட் ஃபார்மா கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் 2024இல் அமெரிக்க அனுமதி பெற்றது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் என்டிஎம் நொதி அதற்கும் அடங்குவதில்லை. அந்த நொதிக்கு எதிராக அஸ்ட்ரியோனம், அவிபாக்டம் கூட்டு வேலை செய்கிறது, விலை அதிகம். கிருமி அதற்கும் வழி கண்டுபிடிக்கும் வரை நமக்கு இருப்பது கொஞ்சம் அவகாசம்தான்.

குடும்பங்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திரிலிருந்து நேரே வந்து, சாமி விபூதியைப் பெரியவரின் நெற்றியில் வைக்க ஆசைப்படுவது யாருக்கும் புரியும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைக்கு மருந்து தடவிவிட்டு, நர்ஸிடம் கேட்டுவிட்டு, லைனும் கட்டும் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். போனைக் கட்டிலில் வைக்காதீர்கள். பக்கத்துக் கட்டில்காரரின் போர்வையை அன்பினால்கூடச் சரி செய்யாதீர்கள். தினமும் ரவுண்ட்ஸில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “டாக்டர், இந்த லைனும் கதீட்டரும் இன்னும் தேவையா?” மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபப்பட மாட்டார். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, முன்பு எந்த ஐசியூவில் எத்தனை நாள் இருந்தார், கல்ச்சரில் என்ன வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் படுக்கை சுலபமாகக் கிடைக்கலாம், ஆனால் அங்கே தனியாக வைத்துப் பார்க்க வேண்டியவர் பொது வரிசையில் போய்விடுவார்.

இதற்கு மேல் குடும்பத்திடம் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை. கேரளா 2018இலும் மத்தியப் பிரதேசம் 2019இலும் வகுத்ததைப் போல, மருந்துகளுக்குப் பணியாத கிருமிகளைக் கட்டுப்படுத்தும் மாநிலச் செயல்திட்டம் ஒன்றை தில்லியும் 2020இல் வகுத்தது. தேசிய அளவில் 2017இல் முதல் திட்டமும், 2025 நவம்பரில் இரண்டாவதும் வந்தன. இருந்தும், தில்லியில் ஒரு ஐசியூவைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் கட்டணம் தெரியும், மருத்துவரின் பட்டங்கள் தெரியும். அங்கே ஆயிரம் லைன் நாட்களுக்கு எத்தனை ரத்தத் தொற்று என்பதும், இரவு ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதும் தெரிய வழியில்லை. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு காலாண்டும் வெளியிட வேண்டும் என்று உரிமத்தோடு சேர்த்து விதிக்கலாம். அரசு மருத்துவமனைகளிலிருந்தே தொடங்கலாம். எப்படி எண்ணுவது என்ற முறை எய்ம்ஸ் ட்ராமா சென்டரில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது.